முதலாம் ஆண்டுக்கு எந்த வகுப்பு? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும், பேச்சு தாமதமான பிள்ளையையோ, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையையோ, மற்றவரோடு ஒட்டாமல் தனக்குள்ளேயே இருக்கும் பிள்ளையையோ வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கும்போது அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டருகே உள்ள சிறிய தமிழ்ப்பள்ளியின் பொது வகுப்பில் சேர்ப்பது ஒன்று. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டம் நடக்கும் பள்ளியில், அது பட்டணத்துத் தேசியப் பள்ளியானாலும் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளியானாலும், சிறப்பு வகுப்பில் சேர்ப்பது இன்னொன்று. ஓராண்டு பொறுத்துச் சேர்ப்பது மூன்றாவது. சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் சமூக மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவது நான்காவது. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணியின் பொருட்டு இத்தகைய குடும்பங்களோடு பல காலம் பேசிவருகிறேன். பெரும்பாலான குடும்பங்களில் இந்த முடிவு, யாரோ சொன்ன ஒரு வார்த்தையின் பேரில், பதிவுக் கெடு முடியும் தறுவாயில் எடுக்கப்படுகிறது. அதற்கு முன்பே நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்; பள்ளி நம் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்ற அச்சமே பல பெற்றோரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக உள்ளது. பிள்ளையைப் பதியாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், சிறப்புத் தேவையுள்ள மாணவரை அரசாங்கப் பள்ளியில் மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு தகுதிகாண் காலத்துக்கு வைத்துப் பார்க்க வழிசெய்தன. 2019இல் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்திய ‘யாரையும் நிராகரிக்காத கொள்கை’, உடற்குறையையோ கற்றல் குறைபாட்டையோ காரணம் காட்டிப் பள்ளிக்கதவை அடைக்கக் கூடாது என்றது. ஆகவே, பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று அஞ்சுவதை விட்டுவிட்டு, எங்கே சேர்த்தால் அவன் கற்றுக்கொள்வான் என்று கேட்கும் நிலைக்குப் பெற்றோர் வர வேண்டும்.

பள்ளிகளை ஒப்பிடுவதற்கு முன்னர் பிள்ளையின் உடம்பைப் பார்த்தாக வேண்டும். பள்ளிச் சுகாதாரக் குழுவினர் முதலாம் ஆண்டு மாணவர்களின் பார்வையைச் சோதிக்கிறார்கள். ஏழு வயதுக்குரிய தடுப்பூசியையும் போடுகிறார்கள். அது நல்ல சேவைதான், ஆனால் அவர்கள் வரும்போது பிள்ளை ஏற்கெனவே ஏதோ ஒரு வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருப்பான். காது, கண், தூக்கம், இரத்தசோகை ஆகிய நான்கையும் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. குறிப்பாகக் காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தங்கிவிடுகிறது. வலி இருக்காது, சீழ் வடியாது, ஆனால் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். உரத்துக் கூப்பிட்டால் திரும்புவான், வகுப்பின் பின்வரிசையில் ஆசிரியரின் சாதாரணக் குரல் அவனுக்கு மங்கலாகவே வந்து சேரும். ஒரு தாய் தம் மகனைப் பற்றி என்னிடம் சொன்னது இதுதான்: “அண்ணே, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், ஆனா டிவியில பாட்டு வந்தா எங்கிருந்தாலும் ஓடி வந்துடுறான்.” அந்த வீட்டுக்குப் போனபோது தொலைக்காட்சியின் ஒலி வாசல்வரை கேட்டது, ஒலியைக் கூட்டியவன் அந்தப் பையனே. பாலர் பள்ளியில் அவனைக் கவனமற்றவன் என்று எழுதியிருந்தார்கள். செவித்திறன் சோதனைக்குப் பின்னர்தான் அவன் எந்த வகுப்புக்கு உரியவன் என்ற பேச்சையே தொடங்க முடிந்தது. இரும்புச்சத்துக் குறைவும் அப்படிப்பட்டதே. சோர்ந்து கிடக்கும் பிள்ளையையும் மந்தமான பிள்ளையையும் பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது. குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிட்டுத் தூங்கும் பிள்ளை மறுநாள் அமைதியற்றுத் திரிவதற்குத் தொண்டைச் சதை வீக்கம் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கி, தேவையானால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் நிபுணர்வரை போக வேண்டியிருக்கும். வரிசை நீளமானது என்பதால் பாலர் பள்ளியில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

இப்போது முதல் வழியான சிறிய தமிழ்ப்பள்ளிக்கு வருவோம். இந்தப் பள்ளிகள் தோட்ட நிர்வாகங்களின் கருணையால் வந்தவையல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் பெருகியவை அவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்த பின், அவற்றுள் பலவும் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளாகிவிட்டன. மாணவர் குறைவதைச் சமூகம் கவலையோடு பார்க்கிறது, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆயினும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு அந்தச் சிறுமையே ஒரு வசதி. பட்டணத்துப் பள்ளியில் முப்பது பேரின் இரைச்சலில் தவிக்கும் பிள்ளை, எட்டுப் பேர் கொண்ட வகுப்பில் அமைதியடைகிறான். அத்தகைய வகுப்பொன்றில் ஓர் ஆசிரியை செய்ததை நான் பார்த்தேன். வாசிப்புப் புத்தகத்தின் பக்கம் முழுவதையும் தடித்த அட்டையால் மூடி, ஒரே ஒரு வரி தெரியுமளவுக்கு நீளமாக ஒரு துளை வெட்டி, அதைப் பையன் கையில் கொடுத்திருந்தார். பக்கத்தைக் கண்டாலே புத்தகத்தைத் தள்ளிவிடும் அந்தப் பிள்ளை, ஒரு வரி மட்டும் தெரிந்ததும் விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினான். சுவரில் அன்றைய நடவடிக்கைகள் படங்களாக வரிசையாய் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே போய் அந்தப் படத்தைக் கழற்றினான். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆசிரியைக்கு அவனைத் தெரிந்திருந்தது, அவனுக்காக ஒதுக்க நேரமும் இருந்தது.

ஆனால் எல்லாச் சிறிய பள்ளிகளிலும் அப்படி நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளை ஒன்றாக்கிக் கூட்டு வகுப்பாக நடத்துவார்கள். அப்போது ஒரே ஆசிரியர் இரு பாடத்திட்டங்களுக்கிடையே ஓட வேண்டும். சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்றவர் இருக்க மாட்டார். குறைநீக்கல் ஆசிரியர் இருந்தால் எழுத்தும் எண்ணும் பிடிபடாத பிள்ளைக்கு அவர் பெரிய துணை, ஆனால் பேச்சுப் பயிற்சியோ நடத்தைப் பயிற்சியோ அவருடைய வேலையல்ல. எனவே பள்ளிக்குப் போகும் பெற்றோர், கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்ப்பதோடு நிற்காமல், முதலாம் ஆண்டு வகுப்பு யார் கையில் இருக்கப்போகிறது, அவருக்கு வேறென்ன பொறுப்புகள் உள்ளன, குறைநீக்கல் ஆசிரியர் முழுநேரமாக இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.

பொது வகுப்பில் சேர்ப்பதே எப்போதும் மேல் என்று சொல்பவர்கள் ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 நாடுகளின் அரசுகள் பொதுப்பள்ளியே எல்லாப் பிள்ளைகளுக்குமான பள்ளி என்று அறிவித்தன. அது உரிமை குறித்த அறிவிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கற்றல் பயனைப் பொறுத்தவரை, டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022இல் கேம்பல் ஆய்வுத் தொகுப்பில் வெளியிட்ட மதிப்பாய்வு, பொது வகுப்பில் சேர்ப்பது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்வியையோ மனநலத்தையோ சராசரியாகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று கண்டது. சில பிள்ளைகளுக்கு அது நன்மை செய்கிறது, சிலருக்குத் தீமை செய்கிறது. சராசரி இரண்டையும் மறைத்துவிடுகிறது. இதைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. வகுப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்த வகுப்பில் நம் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுவதற்கும் ஆய்வில் இடமில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட தொகுப்பில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு படித்த மற்ற மாணவர்கள் குறித்த முடிவுகளில் 81 விழுக்காடு நன்மையாகவோ பாதிப்பில்லாமலோ இருந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த அச்சம் எழும்போது இதை எடுத்துச் சொல்வது நிர்வாகத்தினரின் கடமை.

இரண்டாவது வழியான சிறப்பு வகுப்பின் பலம் வெளிப்படையானது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், சிறு எண்ணிக்கை, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது முதல் உணவு ஊட்டுவது வரை துணைநிற்கும் உதவியாளர், பிள்ளையின் வேகத்துக்கு ஏற்ற பாடத்திட்டம் ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. தானாகக் கழிப்பறை செல்ல இயலாத, ஆபத்தை உணராமல் சாலைக்கு ஓடிவிடும், அல்லது வலிப்பு நோய்க்காக நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த வழியே சரி; தமிழ்ப்பள்ளியின் மீதுள்ள பற்றால் அத்தகைய பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாத வகுப்பில் விடுவது அவனுக்குச் செய்யும் அநீதி. அதே வேளையில் உதவியாளர் இருப்பதே கல்வி ஆகிவிடாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 முதல் 2008 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வு, உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அவர்களையொத்த மற்ற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. உதவியாளர்மீது குற்றமில்லை, பிள்ளையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்ளும்போது, தேர்ந்தவரின் போதனை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. ஆகவே சிறப்பு வகுப்பைப் பார்க்கப் போகும் பெற்றோர், ஆசிரியர் தாமே தம் பிள்ளையோடு நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் உட்காருவார் என்று கேட்க வேண்டும். பொது வகுப்புக்கு மாறிச்செல்ல எந்தெந்தப் பாடங்களில் வாய்ப்பளிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 2013–2025 தேசியக் கல்விப் பெருந்திட்டம் சிறப்புத் தேவையுள்ள மாணவரில் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கக் கல்வியில், அதாவது மற்றப் பிள்ளைகளோடு பொது வகுப்பில் பயிலும் ஏற்பாட்டில், சேர்ப்பதை இலக்காக வைத்தது, எனவே இது சலுகை கேட்பதாகாது.

இந்த ஒப்பீட்டில் மிகக் கனமானது மொழி. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. அருகிலுள்ள சிறப்பு வகுப்பு பெரும்பாலும் தேசியப் பள்ளியில், மலாய்மொழியில் நடக்கும். வீட்டில் தமிழில் நான்கு சொற்களைத் திரட்டிப் பேசவே போராடும் பிள்ளை, அங்கே முதல்நாள் முதல் இன்னொரு மொழியில் கட்டளை பெறுகிறான். அவன் கட்டளைக்கு இணங்காதபோது, அவனுக்குப் புரியவில்லையா, புரிந்தும் செய்யவில்லையா என்பதைக் கண்டறிய ஆசிரியருக்கு வழியே இல்லை. மதிப்பீடும் அந்த மொழியிலேயே நடந்தால், மொழி தெரியாமை அறிவுக்குறையாக எழுதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. இதைவிட வருத்தமானது, பிள்ளை குழம்பிவிடுவான் என்று சொல்லி வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்தச் சொல்லும் அறிவுரை. அதற்கு ஆய்வு ஆதாரமில்லை. கனடாவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, டவுன் நோய்க்குறி உள்ள இருமொழிப் பிள்ளைகள், அதே குறையுள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று காட்டியது. பாட்டியும் தாத்தாவும் தமிழ் மட்டுமே பேசும் வீட்டில் தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்குப் பேச ஆளே இராது. மலாய்மொழிச் சிறப்பு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் குடும்பமும் வீட்டுத் தமிழை விடக்கூடாது. பிள்ளை வீட்டில் பயன்படுத்தும் சொற்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவற்றின் மலாய்ச் சொல்லையும் குறித்து, ஆசிரியரிடம் கொடுத்து வைக்கலாம். “தண்ணி”, “வலிக்குது”, “போதும்” ஆகிய மூன்று சொற்களை ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தாலே பிள்ளையின் அழுகை பாதி குறையும்.

தொலைவு அடுத்தது. தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளியின் சிறப்பு வகுப்பு மொழிச் சிக்கலைத் தீர்க்கிறது, ஆனால் விடியுமுன் வேன் ஏற வேண்டும். தாய் தொழிற்சாலை ஷிப்டுக்கும் தந்தை பெரட்டுக்கும் (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்பு) போகும் வீட்டில், அந்த வேனில் பிள்ளையை ஏற்றி விடுவதற்கே ஓர் ஆள் வேண்டும். வேன் பயணம் தரும் களைப்பும், கூட்டத்தில் அடைபட்டு வருவதும் புலன்கூர்மை மிகுந்த பிள்ளையைப் பள்ளிக்குள் நுழையும் முன்பே சோர்வடையச் செய்துவிடும். ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணமென்றால் நான் தயங்குவேன்.

ஓராண்டு பொறுத்துச் சேர்ப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் யோசனை. அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. டென்மார்க்கில் பள்ளித் தொடக்கத்தை ஓராண்டு தள்ளிவைத்த பிள்ளைகளிடம் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் ஏழு வயதில் வெகுவாகக் குறைந்து, அந்தப் பயன் பதினொரு வயதிலும் நீடித்தது என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வொன்று, செப்டம்பர் முதல் தேதியைச் சேர்க்கை எல்லையாகக் கொண்ட மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்டுப் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்படுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. நம் நாட்டில் பிறந்த ஆண்டைக் கொண்டு சேர்க்கை நடப்பதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை ஜனவரியில் பிறந்தவனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறான். அவனுடைய துறுதுறுப்பில் ஒரு பங்கு வயதுக்குறைவாகவே இருக்கலாம். மருத்துவரிடம் பேசும்போது பிறந்த மாதத்தை நினைவூட்டத் தவறாதீர்கள். ஆனால் டென்மார்க்குப் பிள்ளைகள் அந்த ஓராண்டைத் தரமான பாலர் பள்ளியில் கழித்தார்கள். கைப்பேசியைக் கொடுத்துப் பாட்டியிடம் விட்டுச்செல்லும் ஓராண்டு, அதே பயனைத் தராது. மேலும் கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கும்போது, மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல் வீட்டில் நிறுத்திக்கொள்வது சரியன்று. பாலர் பள்ளியில் மீண்டும் ஓராண்டு இடமும், பேச்சுப் பயிற்சிக்கான தேதிகளும் கையில் இருந்தால் மட்டுமே இந்த வழியைப் பரிசீலிக்கலாம்.

சமூக மறுவாழ்வு மையங்கள் 1984 முதல் இந்நாட்டில் இயங்கிவருகின்றன. படுக்கையிலேயே இருக்கும் அல்லது கடுமையான பல குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கு அவை அரிய சேவை செய்கின்றன. பள்ளிக்குப் போகக்கூடிய பிள்ளைக்கு அவை பள்ளியின் இடத்தை நிரப்ப மாட்டா. பள்ளி நேரத்துக்கு வெளியே பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் முடிவைச் சொல்கிறேன். தன் தேவையை ஏதோ ஒரு வகையில் தெரிவிக்கக்கூடிய, கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்ட, ஆபத்தான இடத்துக்கு ஓடிவிடாத பிள்ளைக்கு, அக்கறையுள்ள முதலாம் ஆண்டு ஆசிரியரும் குறைநீக்கல் ஆசிரியரும் இருக்கும் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியையே முதலில் தேர்ந்தெடுப்பேன். ஆனால் மறைத்துச் சேர்க்க மாட்டேன். சாதாரணப் பிள்ளை என்று எழுதிச் சேர்த்துவிட்டால் நாளடைவில் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் மருத்துவரின் உறுதிக்கடிதம் பெற்று, சிறப்புத் தேவையுள்ள மாணவராகப் பதிந்துகொண்டால்தான் உள்ளடக்கக் கல்விக்குரிய ஏற்பாடுகளையும் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையையும் கேட்க முடியும். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. பதிவு செய்வது பிள்ளைக்கு முத்திரை குத்துவது என்று எண்ண வேண்டாம். பதியாத பிள்ளைக்கு வகுப்பில் ‘சோம்பேறி’, ‘அடங்காதவன்’ என்ற முத்திரைகள் தாமாகவே விழுகின்றன.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல்நாளுக்கு முன் பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்க வேண்டும். பள்ளித் தொடக்கம் குறித்து ஆஸ்திரேலியாவில் நீண்டகாலம் ஆராய்ந்த சூ டாக்கெட், பாப் பெர்ரி இருவரும், பெரியவர்கள் பிள்ளை பள்ளிக்குப் பழகிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படும்போது, பிள்ளைகளோ பள்ளியின் விதிகள் என்ன, நண்பர்கள் கிடைப்பார்களா என்பதையே பெரிதாக நினைக்கிறார்கள் என்று கண்டனர். எனவே விடுமுறையில் பள்ளி வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதும், கழிப்பறையையும் சிற்றுண்டிச் சாலையையும் படமெடுத்து வீட்டில் காட்டுவதும், அதே வகுப்பில் சேரவிருக்கும் ஒரு பிள்ளையோடு முன்கூட்டியே விளையாட வைப்பதும் அரிச்சுவடியை மனப்பாடம் செய்விப்பதைவிட முக்கியம். பள்ளியில் கொடுக்கும் சத்துணவை ஏற்காத பிள்ளையாக இருந்தால், அவன் உண்ணக்கூடியது எது என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். பசியோடு இருப்பவன் பத்து மணிக்குப் பிறகு எதையும் கற்க மாட்டான்.

சேர்க்கும் நாளன்றே மூன்றாம் மாத முடிவில் ஒரு சந்திப்புக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர், குறைநீக்கல் ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகிய மூவரும் அதில் இருக்க வேண்டும். பிள்ளை காலையில் பள்ளிக்குப் போக மறுக்கிறானா, புதிதாக என்ன சொற்கள் பேசுகிறான், எந்தப் பிள்ளையின் பெயரை வீட்டில் சொல்கிறான், எத்தனை நாள் நோயால் விடுப்பு எடுத்தான் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரந்தோறும் குறித்து அந்தச் சந்திப்புக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளை தேயத் தொடங்கியிருந்தால், ஆண்டு முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே இடமாற்றத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். எழுதிக்கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி, மருத்துவக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.